முள் சொல்வதெல்லாம் உண்மையா?

கேள்வி: இரட்டை எஞ்சின் விமானத்தில் இடது மீற்றர் ஒன்று சொல்கிறது, வலது மீற்றர் வேறொன்று சொல்கிறது. விமானி யாரை நம்புவார்? (உவர்மலை)

பதில்: கொஞ்ச நேரத்துக்கு இரண்டையும் நம்பமாட்டார். ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துப் பிறந்த இரண்டு எஞ்சின்கள்கூட ஒரே எண்ணைக் காட்டுவதில்லை. ஒன்று எப்போதும் பத்துப் பாகை கூடச் சூடாக ஓடும். பிறவிக்குணம், விட்டுவிடலாம். நேற்றுவரை பத்தாக இருந்த இடைவெளி இன்று நாற்பது ஆனால்தான் பொறியியலாளரின் தேநீர் ஆறிப்போகும்.

கேள்வி: கோளாறு எஞ்சினிலா, மீற்றரிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கிண்ணியா)

பதில்: சாட்சிகளை விசாரித்துத்தான். நம் இலங்கை விமானப்படையின் வை-12 விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கனடாவின் பிராட் அண்ட் விட்னி செய்த பி.டி.6ஏ எஞ்சின். ஒவ்வொன்றுக்கும் முக்கியமான மீற்றர்கள் நான்கு: புரொப்பெலரை முறுக்கும் விசையைச் சொல்லும் டோர்க், டர்பைன் வெப்பம், உள்ளே கொம்பிரசர் சுற்றும் வேகமான என்.ஜி., எரிபொருள் ஓட்டம். எஞ்சினுக்கு உண்மையிலேயே ஏதாவது நடந்தால் ஒரு முள் மட்டும் தனியே அசைய முடியாது. வெப்பம் மட்டும் ஏறி, மற்ற மூன்றும் ‘எங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்று நின்றால், சந்தேகம் வெப்ப மீற்றர்மேல்.

இனி, டோர்க்கை இரு பக்கமும் சமமாக வைத்துவிட்டு மற்ற மூன்றையும் பாருங்கள். இடப்பக்கம் வெப்பம் கூட, எரிபொருள் கூட, ஆனால் என்.ஜி. குறைவா? டர்பைன் பகுதி தேய்ந்திருக்கிறது. குடிக்கிற எண்ணெய்க்குச் சுழற்சி வரவில்லை. மூன்றுமே கூடவா? கொம்பிரசரில் அழுக்கு, இல்லையேல் அழுத்தக் காற்று எங்கோ கசிகிறது.

இங்கேதான் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. டோர்க் மீற்றர் உள்ளதைக் குறைத்துச் சொன்னாலும் இதே காட்சிதான் வரும். ‘இடது பின்தங்குகிறதே’ என்று விமானி லீவரைத் தள்ள, அந்த எஞ்சின் நிஜமாகவே கூடுதலாக உழைக்க, மூன்று முள்ளும் ஏறும். ஆகவே சமன்பாட்டை மாற்ற வேண்டும். டோர்க்கை மறந்துவிட்டு என்.ஜி.யைச் சமமாக வையுங்கள். வெப்பமும் எரிபொருளும் இரு பக்கமும் ஒத்துப்போய், டோர்க் மட்டும் குறைந்து நின்றால் பொய்யர் அகப்பட்டார். இன்னொரு சாட்சி விமானியின் கால். டோர்க் முட்கள் இரண்டும் சமம் என்று சத்தியம் செய்யும்போதே மூக்கு ஒரு பக்கம் இழுத்து, நேராக்க ரடரை மிதிக்க வேண்டியிருந்தால், நான் காலைத்தான் நம்புவேன்.

கேள்வி: கூட்டிச் சொல்லும் மீற்றர் மோசமா, குறைத்துச் சொல்வதா? (மூதூர்)

பதில்: வெப்பத்தைப் பொறுத்தவரை குறைத்துச் சொல்வது. கூட்டிச் சொன்னால் விமானி பயந்து லீவரைப் பின்னால் இழுப்பார், எஞ்சின் தப்பிக்கும். குறைத்துச் சொன்னால் தைரியமாகத் தள்ளுவார். வை-12இன் எஞ்சினுக்குள் எட்டு வெப்ப உணரிகள் சமாந்தரமாக இணைந்திருக்கின்றன. ஒரு முனை துருப்பிடித்தோ தளர்ந்தோ போனால் முள் பெரும்பாலும் கீழேதான் இறங்கும். நல்ல செய்தி மட்டும் சொல்லும் அதிகாரி மாதிரி.

கேள்வி: திருத்துகிறவர்கள் எதை முதலில் கழற்றுவார்கள்? (பாலையூற்று)

பதில்: கெட்டிக்காரர்கள் மலிவானதை. இடது மீற்றரை வலது பக்கமும் வலதை இடது பக்கமும் மாற்றிப் போடுவார்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி மீற்றர். மாறாவிட்டால் அதை விட்டு சென்சரை மாற்றிப் பார்ப்பார்கள். ஒரு தடவைக்கு ஒரு பொருள்தான். மீற்றர், சென்சர், வயர் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் விமானம் சரியாகலாம், ஏன் சரியானது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் அதே இடத்தில் அதே மூவர் நிற்பார்கள். லீவர்கள் இரண்டும் ஒரே கோட்டில் நில்லாததையும் எஞ்சின்மேல் போடக்கூடாது. பல சமயம் அது கேபிளைச் சரிக்கட்டும் வேலை மட்டுமே.

கேள்வி: எங்கள் உப்புக் காற்று எஞ்சினைத் தின்னுமா? (நிலாவெளி)

பதில்: சைக்கிள் சங்கிலியையே விட்டுவைக்காதது எஞ்சினை விடுமா? சீனக்குடா ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே துறைமுகத் தண்ணீர். தாழப் பறந்தால் உப்பு கொம்பிரசர் இதழ்களில் படியும். உள்ளே போய் எரிபொருளின் கந்தகத்தோடு சேர்ந்து டர்பைன் இதழ்களை அரிக்கும். கடல்மேல் ஓயாமல் பறப்பவற்றை அன்றாடம் கழுவச் சொல்வார்கள். எஞ்சினைப் பற்றவைக்காமல் ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றி, வாயில் சுத்தமான தண்ணீரைப் பீய்ச்சி, பிறகு ஓடவிட்டு உலர்த்துவார்கள். கழுவிய மறுநாள் வெப்பம் இறங்கிவிட்டால் கோளாறு என்னவென்று கேட்கவே வேண்டாம்.

கேள்வி: பக்கத்திலேயே எண்ணெய்க் குதம் இருக்கிறதே, எண்ணெய் கெட்டுப்போய் இருக்காதா? (சீனக்குடா)

பதில்: ஒரே பவுசரில் குடித்த இரண்டு எஞ்சினில் ஒன்றுக்கு மட்டும் வயிறு கெடுவது அபூர்வம். வெள்ளைக்காரன் கட்டிய தாங்கிகள்மேல் எத்தனையோ அரசியல் பழி இருக்கிறது, இதை வேறு சேர்க்காதீர்கள்.

கேள்வி: சீனக்குடாவில் பயிற்சிக்குப் பறக்கும் பி.டி.-6 விமானத்தில் இருப்பது இந்த பி.டி.6 எஞ்சின்தானே? (தம்பலகாமம்)

பதில்: இல்லை. பயிற்சி விமானம் சீனத் தயாரிப்பு, அதில் இருப்பது ஒன்பது சிலிண்டர் பிஸ்டன் எஞ்சின். டர்பைன் பி.டி.6 கனடாக்காரர். ஒரே பெயரில் இருவர் இருந்தால் கடிதம் மாறி வரும், அவ்வளவுதான்.

கேள்வி: இந்தியா தந்த டோர்னியருக்கும் இதே விசாரணை முறையா? (கன்னியா)

பதில்: பாதி மட்டும். 2022 ஆகஸ்ட் 15இல் கட்டுநாயக்கவில் கையளித்த டோர்னியர் 228இல் இருப்பது ஒற்றைத் தண்டு எஞ்சின். கொம்பிரசரும் டர்பைனும் ஒரே தண்டில், புரொப்பெலர் கியரால் அதோடு பிணைந்தது. வை-12இல் கொம்பிரசருக்கும் புரொப்பெலருக்கும் நடுவே சூடான வாயு மட்டுமே. டோர்னியரில் என்.ஜி. என்ற தனிச் சாட்சி கிடையாது. டோர்க், வெப்பம், எரிபொருள் மூன்றையும் வைத்தே தீர்ப்பு.

கேள்வி: ஒரு பொய்ச் செய்தி விமானத்தையே விழுத்துமா? (மனையாவெளி)

பதில்: விழுத்தியிருக்கிறது. 2015 பெப்ரவரி 4, தாய்வானின் டிரான்ஸ்ஏசியா 235, ஏ.டி.ஆர். 72 ரகம். தாய்ப்பேயில் கிளம்பிய சற்று நேரத்தில் வலது எஞ்சினின் டோர்க் செய்தி அறுந்தது. எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது; ஒரு மின்னணுப் பெட்டிக்குள் பற்றாசில் விரிசல் விழுந்திருந்தது. தானியங்கி அந்தப் பொய்ச் செய்தியை நம்பி வலது புரொப்பெலரின் இதழ்களைத் திருப்பி முடக்கியது. அதோடு நின்றிருந்தாலும் விமானம் இடது எஞ்சினில் பறந்திருக்கும். கப்டன் பதற்றத்தில் நல்லாயிருந்த இடது எஞ்சினை அணைத்தார். விமானம் கீலுங் ஆற்றில் விழுந்தது. 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். எந்தப் பக்கம் என்று விமானிகள் இருவரும் வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்யும்வரை எந்த லீவரையும் தொடாதே என்று பயிற்சியில் கத்துவது இதற்காகத்தான்.

கேள்வி: சீனக்குடாவுக்கு வரும் செஸ்னா கரவனுக்கு ஒரே எஞ்சின். அதை எதோடு ஒப்பிடுவார்கள்? (திருகோணமலை நகர்)

பதில்: நேற்றைய அதனோடு. ஒவ்வொரு நாளும் உயரம், வெளி வெப்பம், டோர்க் எல்லாவற்றையும் குறித்து வைப்பார்கள். புத்தகத்தில் நேற்றும் முந்தநாளும் இருக்கும். குறிக்கச் சோம்பல்பட்ட விமானிக்குத்தான் சாட்சியே இல்லை.