காலாவுக்கு ஒன்று கழி, இட்லிக்கு ஒன்று கூட்டு

டிஜிட்டல் கேமராவின் தலைமேல் ஒரு சக்கரம் இருக்கிறது. அதில் பி, ஏ, எஸ், எம் என்று நான்கு எழுத்துகள். நம் நாட்டில் எதையாவது நான்காகப் பிரித்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதானே. இங்கேயும் அதுதான் நடந்திருக்கிறது. எம் தலையில் பிறந்தது. ஏ ஒரு படி கீழே, இருந்தாலும் கௌரவமான குடும்பம். எஸ் பறவைக்காரர்களுக்கும் கிரிக்கெட்காரர்களுக்கும். பியில் எடுப்பவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். இந்த நான்குக்கும் வெளியே, ஊர் எல்லை தாண்டி, பச்சை நிறத்தில் ஆட்டோ என்று ஒன்று உண்டு. அதைத் தொட்டவர் தலைமுழுகிவிட்டுத்தான் கேமரா கிளப்புக்குள் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மும்பை மாட்டுங்கா பூக்கடைகளின் முன்னால் கழுத்தில் கேமராவோடு கூடுகிறவர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வதைக் கேட்டுப் பாருங்கள். என்ன எடுக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. "நீங்க எம்தானே?" என்றுதான் பேச்சே தொடங்கும். இந்த வர்ண முறைக்கு ஒளியியலில் எந்த ஆதாரமும் கிடையாது. கேமராவில் அறிவைச் செலவழிக்க வேண்டிய பொத்தான் ஒன்றே ஒன்றுதான், அது பெரும்பாலான கேமராக்களில் இந்தச் சக்கரத்திலேயே இல்லை என்பது என் கட்சி.

முதலில் இந்த நால்வர் என்னதான் செய்கிறார்கள் என்று பார்ப்போம். படத்துக்குள் எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்பதை லென்ஸின் துளையும் ஷட்டர் திறந்திருக்கும் நேரமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. வெளிச்சத்துக்குச் சென்சார் காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓ மூன்றாவது பங்காளி. பியில் துளையையும் நேரத்தையும் கேமரா பார்த்துக்கொள்ளும். ஏயில் துளை உங்களுடையது, நேரம் அதனுடையது. எஸ்ஸில் தலைகீழ். (கேனான்காரர்கள் இதற்கு டிவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், சீரியல் எதுவும் வராது.) எம்மில் இரண்டும் உங்கள் தலையில். நான்கையும் ஒரே எஸ்எல்ஆர் கேமராவுக்குள் முதலில் குடியேற்றியது 1978இல் வந்த கேனான் ஏ-1. நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ 100இல், கிங்ஸ் சர்க்கிளில் நின்று எஃப்16 துளையில் நொடியில் 125இல் ஒரு பங்கு எடுத்தாலும், எஃப்8இல் 500இல் ஒரு பங்கு எடுத்தாலும், எஃப்4இல் 2000இல் ஒரு பங்கு எடுத்தாலும் உள்ளே விழும் வெளிச்சம் ஒரே அளவுதான். பின்னணி மங்குவதும் தெளிவதும் மாறும், ஓடுகிற டாக்சி உறைவதும் இழுபடுவதும் மாறும்; படம் வெளுப்பதோ கறுப்பதோ மாறாது. அந்த அளவைச் சொல்வது நான்கு மோடிலும் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரே மீட்டர். எம்காரர் என்ன செய்கிறார்? கண்ணை இடுக்கிக்கொண்டு, ஊசி பூஜ்யத்துக்கு வரும்வரை சக்கரத்தைத் திருகுகிறார். வந்ததும் அமுக்குகிறார். மீட்டர் சொன்ன விடையை விரலால் எழுதிக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். பி மோடு அதையே விரல் வலிக்காமல் செய்திருக்கும். இன்னும் சிலர் எம்மில் வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விட்டிருப்பார்கள். துளையும் நேரமும் கையில் இருக்க, படம் எவ்வளவு வெளுக்க வேண்டும் என்ற முடிவு மறுபடி மீட்டரிடமே போய்விடுகிறது. ஏகாதசி விரதம் இருந்துகொண்டு ரவா தோசை சாப்பிடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் குறைவு.

அந்த மீட்டரின் சங்கதிதான் முக்கியம். அதற்கு உலகத்தைப் பற்றி ஒரு மூடநம்பிக்கை உண்டு: எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நம்பும். விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்பது பாடப்புத்தகக் கணக்கு. புகைப்படக்காரர்கள் ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1939-40 வாக்கில், கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிகளாகப் பிரித்து வகுத்த ஜோன் சிஸ்டத்தில் இது நட்டநடு ஐந்தாம் படி. மாட்டுங்கா உடுப்பிக் கடையில் எவர்சில்வர் தட்டில் இரண்டு இட்லி வருகிறது. தேங்காய்ச் சட்னியும் வெள்ளை, பக்கத்துக் கிண்ணத்துத் தயிர்வடையும் வெள்ளை. மீட்டர் பார்க்கிறது. அடடா, வெளிச்சம் அதிகமாகிவிட்டதே என்று பதறி அடக்குகிறது. படத்தில் இட்லி சிமெண்ட் நிறத்தில் வருகிறது. கடைக்காரர் பார்த்தால் வழக்குப் போடுவார். பூக்கடையில் குவிந்த மல்லிகைக்கும் இதே கதி. பொங்கலன்று தாராவி 90 அடி ரோட்டில் வரிசையாக அடுப்பு மூட்டி, கோலமும் ஆவியும் பொங்கும் பாலும் ஒரே வெள்ளையாக நிற்கும்போது எடுத்துப் பாருங்கள், பால் திரிந்துவிட்டதோ என்று ஊரிலிருந்து போன் வரும். கறுப்புக்கு நேர்மாறு. 2018இல் வந்த 'காலா' படத்தில் ரஜினி கறுப்பு உடை, தாராவியைப் பிடுங்க வரும் ஹரி தாதா வெள்ளை. இரண்டு பேரையும் ஃபிரேம் நிறையும்படி தனித்தனியாக எடுத்து, முழுவதும் கேமராவிடம் விட்டுவிடுங்கள். காலா வெளுத்துச் சாம்பலாவார், ஹரி தாதா அழுக்காகிச் சாம்பலாவார். இயக்குநர் பா.ரஞ்சித் இரண்டே முக்கால் மணி நேரம் பிரித்துக் காட்டியதை மீட்டர் 500இல் ஒரு பங்கு நொடியில் சமரசம் செய்துவைத்துவிடும். படத்தைப் பல கட்டங்களாகப் பிரித்து அளக்கும் மீட்டர்களும் முகத்தைக் கண்டுபிடிக்கும் கேமராக்களும் வந்த பிறகு இந்த நம்பிக்கை குறைந்திருக்கிறது, ஒழியவில்லை.

ஆகவே மீட்டரோடு மாறுபடத் தெரிந்தவர்தான் படமெடுக்கத் தெரிந்தவர். மாறுபடுவதற்கென்றே பல கேமராக்களில் ஷட்டர் பொத்தானுக்குப் பக்கத்தில் கூட்டல்கழித்தல் குறி போட்ட ஒரு குட்டிப் பொத்தான் இருக்கும். இட்லிக்கு ஒன்று கூட்ட வேண்டும், காலாவுக்கு ஒன்று கழிக்க வேண்டும். (ஒன்று என்றால் ஒரு ஸ்டாப்: கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பு, கழித்தால் பாதி.) கேட்டவுடன் தலைகீழாகத் தோன்றும்: வெள்ளையாக இருப்பதற்கு எதற்கு இன்னும் வெளிச்சம், கறுப்பாக இருப்பதிலிருந்து எதற்குப் பிடுங்க வேண்டும் என்று. மீட்டர் ஏற்கெனவே வெள்ளையைக் குறைத்தும் கறுப்பை ஏற்றியும் வைத்திருக்கிறது. நாம் பழைய இடத்துக்குத் தள்ளிவிடுகிறோம், அவ்வளவே. இந்த ஒரு கணக்கு மனசில் உட்கார்ந்துவிட்டால் மோடு எதுவானாலும் கவலை இல்லை. உட்காராவிட்டால் எம்மில் எடுத்தாலும் சிமெண்ட் இட்லிதான். ஆனால் பழைய கேமராக்களைக் கவனியுங்கள். மோடு சக்கரத்தின் எழுத்துகள் தேய்ந்து போயிருக்கும். கூட்டல்கழித்தல் பொத்தான் பெட்டியைப் பிரித்த அன்று இருந்தது போலவே பளபளவென்று இருக்கும்.

'பெரிய ஒளிப்பதிவாளர்கள் யாராவது ஆட்டோவில் எடுத்திருக்கிறார்களா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 'நாயகன்' படத்துக்காக பி.சி.ஸ்ரீராம் தேசிய விருது வாங்கினார். அதில் நாம் பார்த்து மயங்கிய தாராவி, தோட்டா தரணி சென்னையில் போட்ட செட். 'காலா'வின் தாராவியிலும் பெரும்பகுதி சென்னைதான். செட்டில் சூரியன் ஒளிப்பதிவாளரிடம் சம்பளம் வாங்குகிறது. எங்கே நிற்கச் சொன்னாரோ அங்கே நிற்கும். அங்கே எம்மைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. சண்முகானந்தா ஹாலிலோ செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸிலோ பரதநாட்டியம் எடுக்கிறவருக்கும் எம்தான் சரி. பின்னால் கறுப்புத் திரை, ஆடுகிறவர் மேல் நிலையான விளக்கு. திரை எவ்வளவு தெரிகிறது என்பதைப் பொறுத்து மீட்டர் ஒவ்வொரு அடவுக்கும் மனசை மாற்றிக்கொண்டிருக்கும். வெளிச்சம் மாறவே இல்லை. முகத்துக்கு ஒருமுறை அளந்து பூட்டிவிட்டால் மங்களம் வரை நிம்மதி. ஃபிளாஷ் வைத்து எடுக்கும் ஸ்டூடியோவுக்கும் இதே நியாயம். ஆக, எம் என்பது வெளிச்சம் அசையாத இடத்துக்கு ஏற்ற ஏற்பாடு. அதை ஆளின் தகுதிச் சான்றிதழாகத் தூக்கிக்கொண்டு அசைகிற இடத்துக்குப் போவதுதான் வேடிக்கை.

அசைகிற இடம் என்றால் நிஜத் தாராவி. 60 அடி ரோட்டிலிருந்து ஒரு சந்துக்குள் திரும்புங்கள். ரோட்டில் உச்சி வெயில். சந்துக்குள் இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவில் ஒரு தோள் அகலம், மேலே நீலத் தார்ப்பாய், கறுப்பு வயர்கள், அவற்றின் இடுக்கில் ஒரு முழம் வானம். ரோட்டுக்கும் இதற்கும் வெளிச்ச வித்தியாசம் ஐந்தாறு ஸ்டாப், அதாவது முப்பது முதல் அறுபது மடங்கு. ஒரு ஸ்டாப்புக்குச் சக்கரத்தில் மூன்று கிளிக். ஆறு ஸ்டாப்புக்குப் பதினெட்டு. எம்காரர் பதினெட்டாவது கிளிக்கை எண்ணி முடிக்கும்போது, தலையில் தோல் மூட்டையோடு எதிரே வந்தவர் "ஜரா ஹட்கே, பாயி" என்று இடித்துக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போயிருப்பார். ஏயில் வைத்திருந்தால் கேமராவே பதினெட்டையும் எண்ணியிருக்கும். ஆனால் அதே பேட்டையில், உபயோகித்த எண்ணெய் டின்களைத் துலக்கி அடுக்கும் கொட்டகை வாசலில், டின் குவியல் வெயிலில் மின்ன, அதற்குப் பின்னால் ஓர் ஆள் நிழலில் உட்கார்ந்திருந்தால் ஏ மோடும் ஏமாறும்: டின்னைப் பார்த்து அடக்கும், ஆள் கரிக்கட்டையாவார். அங்கே ஒன்றரை கூட்ட வேண்டும். எம் அந்த இடத்தில் எந்த உதவியும் செய்யாது. டின்னை நம்பாதே என்று சொல்லும் மூளை வேண்டும். (கேட்காமல் எடுக்காதே என்று சொல்லும் மூளையும் வேண்டும். தாராவியைச் சுற்றிக் காட்டும் சில அமைப்புகள் கேமராவுக்குத் தடை போட்டதற்குக் காரணம் எக்ஸ்போஷர் அல்ல.)

எஸ் மோடைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செவ்ரி சேற்றில் இறங்கும் பூநாரைகளுக்கு 2000இல் ஒரு பங்கு, லோக்கல் வண்டியைக் கோடாக இழுத்துக் காட்ட 15இல் ஒரு பங்கு. வெளிச்சம் போதாதபோது துளையின் எண் கண் சிமிட்டும்; அது உங்களைப் பார்த்துச் சிரிப்பதல்ல, இதற்கு மேல் திறக்க முடியாது என்று கெஞ்சுகிறது. மழைக்காலத்தில் மட்டும் எந்த மோடுக்கும் எந்தப் பொத்தானும் தேவைப்படாது. வானம், கடல், செம்பூர் மோனோ ரயில் தூண், கட்டடம், குடை எல்லாம் சேர்ந்து மும்பையே அந்தப் பதினெட்டு சதவீதச் சாம்பலுக்கு வந்துவிடும். மீட்டரின் சித்தாந்தம் வருஷத்தில் நான்கு மாதம் உண்மை.

இன்னொரு கட்சி: 'ரா ஃபைலாக எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் சரி செய்துகொள்வோம்.' பழைய பழக்கம் விடவில்லை என்று அர்த்தம். அக்ஃபா கிளிக் காலத்தில் வெயில், மேகம் என்பதற்கு மேல் பெட்டிக் கேமராவில் பெரிய ஏற்பாடு கிடையாது. ஊட்டியில் தயாரான இந்து பிலிம் போன்ற கறுப்பு வெள்ளை பிலிம் நம் தப்புகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், மிச்சத்தை லேபில் பிரிண்ட் போடுகிறவர் சரி செய்வார். கூட்டல்கழித்தல் பொத்தான் அன்று அவர்தான். டிஜிட்டல் சென்சாருக்கு நிழலில் பொறுமை உண்டு, வெள்ளையில் கிடையாது. ஒரு எல்லை தாண்டி வெளுத்துப்போன மல்லிகையில் இதழும் இல்லை, காம்பும் இல்லை, மென்பொருளுக்கு மீட்டெடுக்க விவரமே இல்லை. இருட்டாகிப்போனதைத் தூக்கலாம், தூக்கினால் மணல் மணலாக வரும்.

'செல்போன் இருக்கும்போது எதற்கு ஐயா இதெல்லாம்?' இதுதான் கனமான ஆட்சேபம். போன் பல படங்களை எடுத்து ஒட்டி, வானத்தையும் சந்தையும் ஒருசேரக் காட்டிவிடுகிறது; இட்லி என்று தெரிந்துகொண்டு வெளுக்கவும் செய்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எது சரியான வெளிச்சம் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தது யார்? கோடாக் நிறுவனம் பல பத்தாண்டுகள் லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி அட்டை என்றே அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் உலகமே சரி. கறுப்பு மனிதர்கள் படத்தில் பல்லும் கண்ணுமாக மட்டும் வந்ததைப் பற்றி நிறுவனம் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. சாக்லேட் விளம்பரக்காரர்களும் மரச்சாமான் விற்பவர்களும் எங்கள் பழுப்பு சரியாக வரவில்லையே என்று முறையிட்ட பிறகுதான் பிலிம் திருந்தத் தொடங்கியது. மேசைக்குக் கிடைத்த நீதியின் ஓரத்தில் மனிதனும் தொற்றிக்கொண்டான். கூகுள் தன் பிக்ஸல் 6இல் கறுத்த தோலைச் சரியாகக் காட்ட ரியல் டோன் என்று தனியாக ஒரு வசதியை அறிவித்தது 2021இல். அதுவரை நடந்தது என்ன டோனோ. நம்மவர்களையும் விட்டுவைக்க முடியாது. கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால் மாப்பிள்ளை, மாமனார், நாதஸ்வரக்காரர் மூவரும் ஒரே மாவில் பிசைந்து எடுத்த நிறத்தில் இருப்பார்கள். மீட்டர் செய்ததைவிட அரை ஸ்டாப் கூட்டி, அதற்கு மேல் கம்ப்யூட்டரில் பவுடர் போட்டிருப்பார்கள். கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டுவதும் ஒரு மாறுபாடுதான், ஆனால் மீட்டரோடு மாறுபடுவதல்ல, திருநெல்வேலிக் கறுப்போடு மாறுபடுவது. கறுத்த முகத்தை அதன் கறுப்பிலேயே மினுங்க விட, அரை ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ கழித்துப் பார்க்கும் விரல் நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும்.

எனவே சக்கரத்தை ஏயிலோ பியிலோ நிறுத்திவிட்டு, எதிரில் இருப்பது சாம்பலைவிட வெளுப்பா கறுப்பா என்று மட்டும் பாருங்கள். வெளுப்பென்றால் கூட்டுங்கள், கறுப்பென்றால் கழியுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாராவது விசாரித்தால் தயங்காமல் எம் என்று சொல்லிவிடுங்கள். படத்தைப் பார்த்து ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. ஓர் ஆபத்து உண்டு: எந்த மோடில் எடுத்தது என்பதைக் கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்ஸிஃப் என்ற குறிப்பில் எழுதிவைத்துவிடும். அதனால் படத்தை வாட்ஸ்அப்பில் படமாகவே அனுப்புங்கள், டாக்குமென்டாக அனுப்பாதீர்கள். போகிற வழியிலேயே அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும்.