வீட்டில் அடுப்பு எத்தனை?

எங்கள் தூத்துக்குடிக் கரைக்கு சர்க்கார் முதலில் வாங்கத்தான் வந்தது, கொடுக்க அல்ல. வெள்ளைக்காரன் காலத்து முத்துக்குளிப்பில், மூச்சைப் பிடித்து மூழ்கி அள்ளிவந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. குளித்தவனுக்கு ஒரு பங்கு. 1961-ல் கடைசி முத்துக்குளிப்பும் முடிந்தது. திரேஸ்புரத்தில் சிலர் சங்கு குளிக்கப் போனார்கள். மற்றவர்களுக்கு வலை, உப்பளம், துறைமுகம். சர்க்கார் எங்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது பின்னால்தான். கொடுப்பதற்கு முன்னால் அது கேட்கிற கேள்விகள் மட்டும் இன்னும் ஓயவில்லை.

1967-ல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்றார்கள். எங்கள் தாத்தாவும் கூட்டத்தில் நின்று கைதட்டினார். திட்டம் சென்னையிலும் கோவையிலும் ஓடியது. எங்கள் ஊர்வரை வந்தது கைதட்டல் மட்டும்தான்.

நான் பை பிடித்து நின்ற காலத்தில் ரேஷன் கடை என்றால் தொங்குதராசு. எடையாளர் அரிசியைக் கொட்டுவார், தட்டு ஒருமுறை தரையைப் பார்க்கும், அது மேலே வருவதற்குள் அரிசி பைக்குள் போயிருக்கும். அம்மாவுக்குத் தலைச்சுமை மீன் வியாபாரம்; தராசின் நெளிவுசுளிவு அத்தனையும் தெரியும். "அண்ணே, தட்டு இன்னும் ஆடுது" என்பாள். "பின்னால ஆளு நிக்கில்லாம்மா" என்பார் அவர். வீட்டுக்கு வந்து சாளை நிறுக்கிற தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உலை வைப்பாள்.

இப்போது மின்னணுத் தராசு. வாங்கியதற்கு செல்போனில் குறுஞ்செய்தி வருகிறது. சில மாதம் வாங்காததற்கும் வருகிறது. 2011 ஜூனிலிருந்து அரிசிக்குக் காசும் கிடையாது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1997-ல் மத்திய அரசு ஊரை வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்கவில்லை. இங்கே ரேஷன் கார்டுக்கு மனுப் போடுகிறவனிடம் 'நீ ஏழையா?' என்று யாரும் கேட்பதில்லை. 'தனிச் சமையலா?' என்றுதான் கேட்பார்கள். குடும்பம் என்றால் அடுப்பு, அவ்வளவுதான் சட்டம்.

அண்ணனுக்குக் கல்யாணமாகித் தனி கார்டுக்கு எழுதிப் போட்டபோது ஓர் அதிகாரி வீடு பார்க்க வந்தார். வீடு ஒன்று, அடுப்பும் ஒன்று. அம்மா முதல்நாளே அடுத்த வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வாங்கி, மைனியின் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டாள். அதிகாரி குனிந்து தொட்டுப் பார்த்தார்.

"என்னம்மா, சில்லுன்னு இருக்கு?"

"தவசுகாலம் சார். மருமவளுக்கு இன்னைக்கு ஒருசந்தி நோன்பு."

அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டு போனார். கார்டு வந்தது. மைனி கடைசிவரை அம்மாவின் அடுப்பில்தான் பொங்கினாள்.

அந்தக் காலத்தில் அரிசி வாங்கும் பச்சைக் கார்டு என்றால் கொஞ்சம் இளப்பம். சர்க்கரை மட்டும் வாங்கும் வெள்ளைக் கார்டுக்காரர்கள், "ரேஷன் அரிசியா? எங்க வீட்டுல கோழிகூடத் தின்னாது" என்பார்கள். பொங்கல் பணம் அரிசிக் கார்டுக்குத்தான் என்று ஆனதும் கோழிக்குப் பசி வந்துவிட்டது. 2019 நவம்பரில், சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ளலாம் என்று அரசு சொன்னபோது முதலில் ஓடியவர்கள் அவர்கள்தான்.

2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்தது. நிறம் போய் எழுத்து வந்தது. பி.எச்.எச். என்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பம். பி.எச்.ஏ.ஏ. என்றால் அந்தியோதயா, மாதம் 35 கிலோ அரிசி. என்.பி.எச்.எச். முன்னுரிமை இல்லாதது, ஆனாலும் அரிசி உண்டு. அதோடு எஸ் சேர்ந்தால் சர்க்கரை அட்டை; என்.சி. சேர்ந்தால் பொருளே கிடையாது, முகவரிக்கு மட்டும். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தங்கள் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது.

தெரிந்துகொள்ள வேண்டிய காலம் இது. 2023 செப்டம்பரில் வந்த மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய், கார்டுக்கு ஒரு பெண்ணுக்குத்தான். அதே ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் ஊரே மிதந்தபோது நிவாரணம் ஆறாயிரமும் கார்டுக் கணக்கில்தான் வந்தது. ஒற்றுமையாக ஒரே கார்டில் மூன்று மருமகள்களை வைத்திருந்த பெரியவர் ஒருவர், கார்டைப் பிரித்துக்கொண்ட வீடுகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். கூட்டுக்குடும்பத்தை உடைத்தது சினிமாவா, மாமியாரா என்று இனிப் பட்டிமன்றம் வேண்டாம்.

இதில் எங்கள் சித்தி கதை தனி. உப்பளத்தில் வாருபலகை பிடித்தே வயசானவள். அறிவொளி இயக்கம் வந்த காலத்தில், கைநாட்டு வைப்பது கேவலம் என்று சொல்லிச் சொல்லிக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். அதன்பின் ரேஷன் கடைப் பதிவேட்டில் மை உருட்டுவதில்லை. பெயரை முழுசாக எழுதுவாள், பின்னால் நிற்பவர்கள் முனகினாலும். 2020-ல் கைரேகை மெஷின் வந்தது. "கையெழுத்தெல்லாம் வேண்டாம் பாட்டி, பெருவிரலை வையுங்க." வைத்தாள். உப்பு தின்ற விரலில் ரேகை ஏது? துடைத்து வைத்தாள், அழுத்தி வைத்தாள், மறு விரலையும் வைத்தாள். மெஷின் அவளை அவள் இல்லை என்றது. படிக்காத காலத்தில் அவளுக்கு ரேகை இருந்தது. படித்தபின் ரேகை இல்லை.

இதற்கெல்லாம் வழி இல்லாமல் இல்லை. யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். ரேகை விழவில்லை என்பதற்காகப் பொருள் மறுக்கக்கூடாது. நடக்க முடியாதவர்கள் தமக்காக வேறொருவர் வாங்க அங்கீகாரச் சான்று பெறலாம். 2025 முதல் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தாயுமானவர் திட்டத்தில் வீட்டுக்கே பொருள் வருகிறது. புதுக் கார்டு கேட்பவர்கள் எல்லோருடைய ஆதாரையும், பழைய கார்டில் பெயர் நீக்கிய சான்றையும், முகவரிச் சான்றையும் கையில் வைத்துக்கொண்டுதான் இணையத்தில் உட்கார வேண்டும்; அலைச்சல் பாதி குறையும். புகார் சொல்ல இலவச எண் 1967. தாத்தா கைதட்டிய அதே வருடம், மறக்காது.

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை தாலுகாதோறும் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கிறது. உங்கள் தெருவிலும் ரேகை தேய்ந்த ஒரு சித்தி இருப்பாள். அவள் கார்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு, இந்த முறை நீங்கள் கூடப் போங்கள்.