அந்த வாளியைக் கீழே வையுங்கள்

"தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றினேனே, அடீனியம் எப்படிச் செத்தது?" இந்த வாரமும் கேட்டாயிற்று. கேள்வியின் முதல் பாதியே இரண்டாம் பாதிக்குப் பதில் என்று சொன்னால், கேட்டவர் முகம் சுருங்கிவிடுகிறது. பாலைவன ரோஜாவை மாடியில் நன்றாக வளர்க்க என்ன மண், என்ன உரம், எப்போது கவாத்து என்று முறையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இந்த வாளியின் கதையை முடித்தாக வேண்டும். சகாராவுக்குத் தெற்கேயுள்ள சாஹேல் நிலத்திலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கா, அரேபியா வரை பாறையிலும் மணலிலும் வளரும் புதர் இது. அடியில் பருத்து நிற்கிறதே, அது தனக்குத் தானே கட்டிக்கொண்ட தண்ணீர்த் தொட்டி. சென்னையிலோ ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. இரவு குளிர ஆரம்பித்துச் செடி ஓய்வெடுக்கப் போகும் நேரமும் அதுவே. ஓய்விலிருக்கும் வேர் குடிக்காது. மண்ணின் இடைவெளிகளில் காற்றுக்குப் பதில் நீர் நிற்கும். வேர் மூச்சு முட்டி அழுகும். இலை மஞ்சளாகி உதிரும். அதைப் பார்த்து, "பாவம், தாகம் போலிருக்கிறது" என்று இன்னொரு வாளி!

வெறும் தண்ணீர் என்றாலாவது மன்னிக்கலாம். அரிசி கழுவிய நீர், பருப்பு கழுவிய நீர், வெங்காயத்தோல் ஊறிய நீர், வாழைப்பழத்தோல் மூன்று நாள் ஊறி நாறிய நீர், டீ வடிகட்டிய சக்கை, முட்டை ஓட்டுத் தூள், பூ உதிராமலிருக்கப் பெருங்காயம் கரைத்த புளித்த மோர், அது போதாதென்று தேமோர்க் கரைசல், செவ்வாய்க்குப் பஞ்சகவ்யம், வெள்ளிக்கு மீன் அமிலம். வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை உபசாரம் நடக்காது. பாக்கியிருப்பது ரசம் ஒன்றுதான். மிளகு வேருக்கு நல்லது என்று அதற்கும் யாராவது காணொளி போட்டுவிடுவார்கள். மறுநாளே வீதிக்கு வீதி ரசம் ஊற்றுவோம். கொத்தமல்லி தூவலாமா என்று சந்தேகமும் கேட்போம். ஆப்பிரிக்காவில் அடீனியத்தின் பாலை அம்பு நுனியில் தடவி வேட்டையாடியிருக்கிறார்கள். அத்தனை விஷம் உள்ள செடிக்கும் நம் அன்பிலிருந்து தப்ப வழியில்லை.

"நர்சரிக்காரர் தினமும் ஊற்றுகிறாரே, அங்கே பூத்துக் குலுங்குகிறதே" என்பார்கள். அங்கே நாள் முழுக்க வெயில். கரடு மணல் கலந்த மண்ணில் ஊற்றியது நிற்காமல் ஓடிவிடும். நம் வீட்டிலோ பால்கனி நிழல், தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும் தென்னைநார்க் கழிவு, தரை அழுக்காகக் கூடாதென்று அடியில் ஒரு தட்டு. "சித்திரை வெயிலில் தாகம் எடுக்காதா?" எடுக்கும். அது வளரும் பருவம். அப்போது தாராளமாக ஊற்றலாம். பாலைவனச் செடிக்குத் தண்ணீரே ஆகாது என்று யார் சொன்னது? தேங்கிய தண்ணீர்தான் ஆகாது. "தொட்டியின் அடியில் ஜல்லி போட்டிருக்கிறேன்" என்பது கடைசி அஸ்திரம். நைஸான மண் முழுக்க நனைந்து நிறையும்வரை கீழேயுள்ள ஜல்லிக்கு நீரை விடாது. ஜல்லி போட்டதால், ஈரம் நிற்கும் இடம் மேலேறி வேருக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது, வேறொன்றும் நடக்கவில்லை.

மண் கலவைக்கும் கவாத்துக்கும் இனி இடமில்லை. பாதகமில்லை, செத்த செடிக்கு இரண்டும் வேண்டாம். ஐப்பசி பிறந்ததும் தொட்டியை வெயில் படும், மழை படாத இடத்துக்கு நகர்த்துங்கள். தட்டை எடுத்துவிடுங்கள். இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். எதையாவது ஊற்றாமல் கை சும்மா இருக்காது என்றால், தயவுசெய்து சேம்பு வையுங்கள். அது தேங்கிய தண்ணீரிலும் வளரும்.