தங்கவயலில் பிறந்து கூடைப்பந்து வீரர் ஆவது எப்படி?

மரிக்குப்பத்தில் பெங்களூர் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனின் பெயரே சாம்பியன். டிக்கெட் எடுத்தவர் எடுக்காதவர் எல்லாரும் சில நிமிடத்தில் சாம்பியன் போய்ச் சேரலாம். பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் விளையாட்டு வாழ்க்கையின் உச்சத்தைத் தொட்டாயிற்று. இதுவே போதும் என்பவர்கள் வீட்டுக்குத் திரும்பலாம். போதாது என்பவர்களுக்காக இந்த வழிகாட்டி.

படி 1: உயரமாகப் பிறக்கவும்

பஞ்சாபில் பல்லோ கே என்ற கிராமத்தில் பிறந்த சத்னாம் சிங் ஏழடி இரண்டு அங்குலம் வளர்ந்தார். 2015-ல் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் வீரர் தேர்வில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52-ஆவது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்தவர் ஒருவர் அந்தப் பட்டியலில் இடம்பிடித்தது அதுதான் முதல் முறை.

நம் ஊருக்கு உயரம் பழக்கமில்லை. நமக்குக் கைவந்தது ஆழம். கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தின் ஆழம் சுமார் 3.2 கிலோமீட்டர். வளையத்தின் உயரத்தை ஆயிரம் முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் சுரங்கம் நிரம்பாது, மேலே இடம் மிச்சமிருக்கும். தாத்தா ஷிஃப்டுக்கு ஆயிரம் வளையம் கீழே போய் வந்தார். பேரனுக்கு ஒரே ஒரு வளையம் மேலே எம்புவதற்குள் மூச்சு வாங்குகிறது. தாத்தாவுக்கும் கடைசி வரை மூச்சு வாங்கியது. ஆனால் அது கல் தூசி செய்த வேலை. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பெருமைப்பட வேண்டாம்.

படி 2: ஊர் ஆடாத ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும்

தங்கவயல் என்றால் ஹாக்கி, ஃபுட்பால், பாக்ஸிங். ஓட்டமும் உண்டு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடி, மறு வருடம் அர்ஜுனா விருது வாங்கிய கென்னத் பவல் கோலார் மண்ணில் பிறந்தவர்தான். ஆகவே இவற்றை விட்டுவிடவும். இந்த ஆட்டங்களில் அறிவுரை சொல்லத் தெருவுக்கு நாலு பெரியவர்கள் இருப்பார்கள். கூடைப்பந்து என்றால் உங்களைத் திருத்த ஆள் குறைவு.

ஆட்டத்தின் வரலாற்றையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளவும். 1891-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக்கூடை இரண்டை ஆணியடித்து மாட்டியதில் பிறந்தது இது. ஒய்எம்சிஏ கண்ட ஆட்டம். சென்னையில் 1920-ல் ஹாரி பக் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியதும் நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு நெருங்கி வந்தது. முதலில் மாட்டிய கூடைகளுக்கு அடிப்பாகம் இருந்தது. பந்து உள்ளே விழுந்தால் அங்கேயே கிடக்கும். யாராவது ஏறித்தான் எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் பந்து விழுந்ததா இல்லையா என்று சண்டை வந்திருக்க வழியில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்கு வரவும்.

படி 3: வலையில்லாத வளையத்தில் பழகவும்

நீங்கள் தேடும் கோர்ட் ஏதாவது ஒரு பள்ளியின் பின்பக்கம் இருக்கும். சிமெண்டுத் தரை, நடுவில் விரிசல், விரிசலில் புல். போர்டு இருக்கும், வளையம் இருக்கும், வலை இருக்காது. பந்தின் மேலிருந்த பொட்டுப்பொட்டான தடிப்பு தேய்ந்து, உரித்த முட்டை மாதிரி வழவழப்பாக இருக்கும். காற்றடித்தால் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மலையின் மாவு மண் பறந்து வந்து கண்ணில் விழும். சட்டையில் கையைத் துடைத்து, கண்ணைக் கசக்கி, ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று எறிகிறீர்கள்.

வலை இருந்தால் சரக்கென்று ஒரு சத்தம் வரும், விவகாரம் முடிந்துவிடும். இங்கே சத்தமே வராது. பந்து வளையத்துக்குள் போய்க் கீழே வந்ததா, வளையத்தை ஒட்டி வெளியே வந்ததா என்பது போட்டவருக்குத்தான் தெரியும். எதிரணிக்காரர் தன் அம்மா மேல் சத்தியமாக வெளியே என்பார். நீங்கள் உங்கள் அம்மா மேல் சத்தியமாக உள்ளே என்பீர்கள். இரண்டு அம்மாக்களும் அந்த நேரம் ரேஷன் கடையில் நிற்பார்கள். குரல் பெரியவருக்கே புள்ளி. அடித்ததை நிரூபிக்கும் இந்தப் பயிற்சி பின்னால் மிகவும் உதவும்.

படி 4: வீட்டில் சொல்லவும்

"பந்து ஆடறதுக்குச் சம்பளம் யார் குடுப்பா?"

"ரயில்வேல குடுப்பாங்க நைனா."

"ஆடறதுக்கா?"

"ஆடினா வேலை குடுப்பாங்க. வேலைக்குச் சம்பளம் குடுப்பாங்க."

"பர்மனென்ட்டா?"

இந்தக் கேள்விக்கு உடனே தலையாட்டிவிடவும். யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டால் எதிரே இருப்பவருக்கும் யோசனை வந்துவிடும். 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட பாரத் கோல்டு மைன்ஸும் சர்க்கார் கம்பெனிதான். சர்க்கார் வேலை போகாது என்ற நம்பிக்கை, அது ஒருமுறை போய்விட்ட ஊரில்தான் இன்னும் கெட்டியாக இருக்கிறது. இதைச் சொல்லிக் காட்டி நைனாவை ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அன்றைக்கு ராத்திரி யாருக்கும் சாப்பாடு இறங்காது.

படி 5: பந்தைவிடக் காகிதத்தைக் கெட்டியாகப் பிடிக்கவும்

மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் சான்றிதழ்கள் எண் போட்ட படிவங்களாக வரும். நாட்டுக்கு ஆடினால் படிவம் 1, மாநிலத்துக்கு 2, பல்கலைக்கழகத்துக்கு 3, பள்ளிக்கு 4. ரயில்வே தேர்வில் மொத்தம் நூறு மதிப்பெண். அதில் கோர்ட்டில் ஆடிக் காட்டுவதற்கு 40, படிப்புக்கு 10, ஏற்கெனவே சாதித்ததற்கு 50. அதாவது இன்றைக்கு நீங்கள் எப்படி ஆடுகிறீர்கள் என்பதைவிட, என்றைக்கோ ஆடியதற்குக் காகிதம் இருக்கிறதா என்பதுதான் கனம். மூட்டு தேய்ந்தால் பிசியோ இருக்கிறார், படிவம் தொலைந்தால் ஒருவரும் இல்லை. லேமினேட் செய்து பீரோவில், அம்மாவின் பட்டுப் புடவைக்கு அடியில் வைக்கவும்.

படி 6: ரயிலிலேயே பயிற்சி எடுக்கவும்

டிரயல்ஸ் பெங்களூரில் நடக்கும். சுமார் நூறு கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பும் ரயிலில் ஊரில் பாதிப் பேர் உங்களோடு வருவார்கள். செக்யூரிட்டி வேலைக்கு, கடை வேலைக்கு, கம்பெனி வேலைக்கு. சுரங்கம் மூடியபின் ஊருக்கு இந்த ரயில்தான் ஷிஃப்ட்.

இந்தக் கூட்டத்தைச் சபிக்க வேண்டாம். கூடைப்பந்தில் பிவட் என்று ஒன்று உண்டு. ஒரு காலை ஊன்றியபடி மறுகாலை மட்டும் நகர்த்த வேண்டும். ஊன்றிய கால் பெயர்ந்தால் டிராவலிங் என்ற விதிமீறல். சாம்பியனில் ஏறுகிறவருக்கு ஒரு கால் வைக்கத்தான் இடம் கிடைக்கும். ஊர்காம், கோரமண்டல், பெமல் நகர் என ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மறுகாலுக்கு இடம் தேடியபடி பங்காருப்பேட்டை வரை ஊன்றிய காலை எடுக்காமல் நின்றவரை எந்தக் கோச்சும் குறை சொல்ல முடியாது.

படி 7: லீக் வரும், காத்திருக்கவும்

2015-ல் யூபிஏ என்று ஒரு தொழில்முறை லீக் வந்தது. சில சீசனோடு நின்றது. 2022-ல் ஐஎன்பிஎல் வந்தது. சென்னை ஹீட், பெங்களூரு கிங்ஸ் என்று அணிகள் பிறந்தன. வங்கியை நம்பினாலும் இதே கதைதான். பெங்களூரில் பலமான கூடைப்பந்து அணி வைத்திருந்த விஜயா வங்கியில் சேரலாம் என்று கனவு கண்டவர்கள் இருந்தார்கள். 2019 ஏப்ரல் 1-ல் அந்த வங்கியே பாங்க் ஆஃப் பரோடாவில் கலந்துவிட்டது. கனவு காண்பவர்கள் கிளையின் பெயர்ப்பலகையை அவ்வப்போது சரிபார்க்கவும்.

படி 8: சரியான முன்னோடியைப் பிடிக்கவும்

என்பிஏ ஆட்டம் ஒன்றில்கூட இறங்காமலே, படி 1-ல் பார்த்த சத்னாம் பின்னர் மல்யுத்த மேடைக்குப் போனார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஆண்கள் அணி 12-ஆவது இடம் பிடித்தது. யாராவது கேட்டால் இதைக் கம்பீரமாகச் சொல்லவும். மொத்தம் எத்தனை அணி என்று கேட்பதற்குள் பேச்சை மாற்றிவிடவும். பன்னிரண்டுதான்.

பிடிக்க வேண்டிய ஆள் சென்னையின் அனிதா பால்துரை. 19 வயதில் இந்திய அணிக்குக் கேப்டன், தேசிய அணியில் 18 ஆண்டுகள், 2021-ல் பத்மஸ்ரீ. வேலை தெற்கு ரயில்வேயில். 2017-ல் பெங்களூர் கண்டீரவா அரங்கில் ஆசியக் கோப்பை பி பிரிவு இறுதியாட்டத்தில் இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என்று வென்றபோது அவரும் அந்த அணியில் இருந்தார். இரண்டே புள்ளி வித்தியாசம். ஒரு பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்பதில்தான் அந்த வெற்றி இருந்தது. அங்கே யாரும் அம்மா மேல் சத்தியம் செய்யவில்லை, வளையத்தில் வலை இருந்தது.

எட்டுப் படியும் ஏறியவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். ஏறாதவர்கள் இன்றும் சாயந்திரத்தில் ஏதோ ஒரு பள்ளிக்குப் பின்னால், வழவழத்த பந்தோடு கத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டி வேண்டாம். அந்தப் பக்கம் போகிறவர்கள், கையில் கொஞ்சம் காசு இருந்தால், ஒரு வலை வாங்கிப் போய் மாட்டிவிடுங்கள். போட்ட பந்து உள்ளே போனது என்று அவர்களுக்கு ஒருமுறையாவது சத்தம் கேட்கட்டும்.