பாலாடையும் பொட்டலமும்

எங்கள் சிவகங்கைச் சீமையில், கண்மாய் வற்றி ஊருணித் தண்ணீர் கலங்கத் தொடங்கும் பங்குனி சித்திரையில், தெருவுக்கு ஒரு பிள்ளைக்காவது "வயித்தால போகுது" என்று சேதி வரும். அந்தப் பிள்ளை நாமாக இருந்துவிட்டால் பள்ளிக்கூடம் கிடையாது, ஆடு பத்தப் போக வேண்டாம், அப்பத்தாவின் மடி முழுக்க நமக்கே. பேக்கரி ரொட்டி என்பது அந்த நாளில் நோயாளிகளுக்கு மட்டுமே வாங்குகிற பண்டம் என்பதால், மெழுகுத்தாள் சுற்றிய ரொட்டியைக் கடுங்காப்பியில் நனைத்து நான் சாப்பிடும்போது, நல்ல வயிற்றோடு நிற்கிற என் அண்ணன் கதவோரம் நின்று பார்ப்பான். உங்கள் வீட்டிலும் அப்படி யாராவது நின்றிருப்பார்கள்.

ஆனால் ரொட்டியைவிட எனக்கு நினைவில் நிற்பது நொய்க்கஞ்சிதான். புழுங்கலரிசி புடைக்கும்போது விழும் நொய்யைத் தனி டப்பாவில் சேர்த்து வைத்திருப்பாள் அப்பத்தா. அதை வெறும் சட்டியில் இட்டு, வாசம் வருகிற வரைக்கும், ஆனால் சிவக்கவிடாமல் வறுத்து, ஒன்றுக்குப் பத்தாகத் தண்ணீர் விட்டு, சுள்ளியை இழுத்து இழுத்துத் தீயைக் குறைத்து, அரிசி எது தண்ணீர் எது என்று தெரியாதபடி குழைய விடுவாள். இறக்கும்போது இரண்டு கல் உப்பு. விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் அரைக் கரண்டி, கொஞ்சம் பேச்சு, மறுபடியும் அரைக் கரண்டி. தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாயில் ஒரு கிள்ளு. உப்புச் சேர்த்த அரிசிக்கஞ்சியை, பேதி கண்ட பிள்ளைக்கு வீட்டிலேயே கொடுக்கத்தக்க நல்ல நீராகாரங்களில் ஒன்றென்று உலக சுகாதார நிறுவனம் பின்னாளில் எழுதி வைத்தது. அதைப் படித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை அவளிடம் போய்ச் சொல்ல முடியவில்லையே என்கிற ஏக்கம் இன்றும் உண்டு.

இப்படி எழுதும்போதே, அந்தக் காலம் முழுவதையும் கஞ்சி வாசத்தில் நனைத்துவிடக் கூடாது என்றும் தோன்றுகிறது. கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசுவார்கள்; மறுநாள் காலை தண்ணீர் கண்ணாடியாக இருக்கும், குடிக்க இனிக்கும், கிருமிகளும் அதிலேயே இருக்கும். பிள்ளைக்கு வயிறு போனால் பல் முளைக்கிறது என்பார்கள், தோஷம் என்பார்கள், மாந்தம் என்பார்கள். பால் கொடுக்கிற தாய்க்குப் பத்தியம் வைப்பார்கள். ஜாதிக்காயும் மாசிக்காயும் வசம்பும் உரைகல்லில் இழைபடும். கைக்குழந்தைக்கு அதெல்லாம் வேண்டாம் என்று இன்றைய குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒருவர், மஞ்சள் துண்டைத் தீயில் காட்டிப் பிள்ளைகளின் வயிற்றில் சூடு வைப்பார். என் வயதுக்காரர்கள் கண்மாயில் சட்டையைக் கழற்றிக் குதிக்கும்போது, தொப்புளைச் சுற்றிக் காசு காசாகத் தழும்பு தெரியும். அந்தத் தழும்பை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, தண்ணீரை நிறுத்துவது. "குடிச்சாத்தானே போகுது, கொடுக்காதே" என்று பெரியவர்கள் பாசத்தோடுதான் சொன்னார்கள். ஒரு கோடையில் எங்கள் வளவில் ஒரு கைக்குழந்தை அப்படித்தான் போயிற்று. உச்சிக்குழி உள்ளே விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதற்குத் தடவ எண்ணெய் தேடினார்கள், மந்திரிக்க ஆள் தேடினார்கள். உடம்பில் நீர் வற்றியதற்கு அடையாளம் அது என்றோ, அந்த நேரத்தில் பிள்ளைக்கு வேண்டியிருந்தது குடிநீர்தான் என்றோ சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

அந்தக் காலத்தில்தான், நாட்டின் மறுகோடியில், விடை கிடைத்துக்கொண்டிருந்தது. 1971. வங்கதேசப் போரில் தப்பி வந்த அகதிகள் மேற்கு வங்க எல்லையிலுள்ள பங்காவ் முகாமில் காலராவில் விழுந்துகொண்டிருந்தார்கள். சலைன் பாட்டில்கள் தீர்ந்தன. டாக்டர் திலீப் மகலனாபிஸ், லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கலக்கச் செய்து, பீப்பாய்களில் ஊற்றி வைத்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. பேதியில் குடல் கெட்டுப்போனாலும், சர்க்கரையின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிற உப்புக்கு மட்டும் கதவைத் திறக்கும். அவை இரண்டும் உள்ளே போகும்போது தண்ணீரும் கூடவே போய்விடும். எனக்கு அந்த வரலாற்றில் மருந்தளவு பிடித்திருக்கிறது என்பதோடு, புகட்டியவர்கள் அம்மாக்களும் அக்காக்களும் என்பதும் பிடித்திருக்கிறது.

புகட்டுவது என்றதும் பாலாடை நினைவுக்கு வருகிறது. உள்ளங்கையில் அடங்குகிற, ஒரு பக்கம் மூக்கு நீண்ட அந்த வெள்ளிக் கிண்ணத்தைப் பிள்ளையின் கடைவாயில் சாய்த்து, விழுங்கும் சத்தத்துக்குக் காது கொடுத்து, அடுத்த மடக்கை விடுவார்கள். பிறகு ரப்பர் மூக்கு வைத்த பால் புட்டி வந்தது. பட்டணத்துச் சொந்தங்கள் அதைப் பெருமையாகக் கொண்டுவந்தார்கள். பாலாடை பரணுக்குப் போயிற்று. புட்டியின் இடுக்கில் தங்குகிற பால் பேதிக்கு நல்ல விளைநிலம் என்று தெரிந்து, 1992இல் பால் புட்டி விளம்பரத்தையே சட்டம் போட்டு நிறுத்தினார்கள். இன்று மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் செவிலியர் கையில் மறுபடியும் பாலாடை, எவர்சில்வரில்.

இப்போது சென்னையில் பேத்திக்கு வயிறு போனால் என் மகள் சமையலறை மேடையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிற்கிறாள். 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைப் பொட்டலம் முழுவதையும் ஒரே லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில். பாதி பொட்டலம் உத்தேசமாக என்பது கிடையாது. இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200. வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி சிறு கரண்டியால். மிச்சத்தை 24 மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் கைவசம் இல்லாத நடுநிசியில் லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வாயில் விட்டால் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. "பல் முளைக்குதோ என்னமோ" என்று என் மனைவி ஆரம்பித்தால், "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்று பட்டென்று பதில் வருகிறது. ரத்தம் போனால், கண் குழிவிழுந்தால், அழுதும் கண்ணீர் வராவிட்டால், சிறுநீர் நின்றால், பிள்ளை துவண்டு கிடந்தால் ஒரு நிமிடமும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பதும் அவளுக்கு மனப்பாடம். பேதி நின்றுவிட்டாலும் துத்தநாக மாத்திரை மொத்தம் 14 நாள் போகிறது. ஊரிலே கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்து இதே பொட்டலத்தையும் மாத்திரையையும் இலவசமாகக் கொடுக்கிறார். பேத்திக்கு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் ரோட்டா வைரஸ் தடுப்புச் சொட்டு மருந்தும் கொடுத்தாயிற்று. எங்கள் வளவில் இதில் ஒன்றே ஒன்று இருந்திருந்தாலும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் கடைக்குப் போனால் வேறொரு வம்பு. ஆரஞ்சு வாசத்தில், வண்ண வண்ண டெட்ரா அட்டையில், உப்புக் குறைந்து சர்க்கரை மிகுந்த பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற எழுத்தோடு வருடக்கணக்கில் அடுக்கப்பட்டிருந்தன. மிகையான சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த எழுத்தைப் பானங்களின் மேல் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. பேதி கண்ட பிள்ளையின் தாகத்திலும் வியாபாரம் பார்த்தவர்கள்மேல் எனக்குக் கோபம் தணியவில்லை.

மருந்து சரியாகிவிட்டது, மடிதான் குறைந்துவிட்டது. கரண்டி கரண்டியாக ராத்திரி முழுக்கப் புகட்ட ஆள் வேண்டும். அன்று அப்பத்தா, பெரியம்மா, சித்தி என்று முறை வைத்து உட்கார்ந்தார்கள். இன்று மகளும் மருமகனும் ஒருவருக்கு விடுப்பு கிடைத்தால் ஒருவருக்குக் கிடைக்காமல், கைப்பேசியில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு மணி வைத்துக்கொண்டு விழித்திருக்கிறார்கள். அதனால் சேதி வந்ததும் நானும் மனைவியும் பஸ் ஏறிவிடுகிறோம். பகல் கரண்டி எங்களுடையது.

போன தடவை, மூன்றாம் நாள் பசியெடுத்துப் பேத்தி வாய் திறந்தபோது, "அப்பா, உங்க அப்பத்தா கஞ்சி எப்படி வைப்பாங்க?" என்று மகள் கேட்டாள். நொய் வேண்டும் என்றேன். அவள் கைப்பேசிக் கடையில் தேடினாள். சிவப்பரிசி, கறுப்பரிசி, பாஸ்மதி எல்லாம் பத்து நிமிடத்தில் வருமாம், நொய் இல்லையாம். புழுங்கலரிசியை மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டு எடுக்கச் சொன்னேன். வறுக்கிற வாசம் வந்ததும் பேத்தி தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு நடந்தாள்.