தொடக்கத் திரை வித்தகர்

கணினியில் ஒரு மென்பொருளின் சின்னத்தைச் சொடுக்குவதற்கும் அதன் முதன்மைச் சாளரம் திறப்பதற்கும் இடைப்பட்ட நேரத்தில், நிரல் தனக்கு வேண்டிய கோப்புகளை நினைவகத்தில் ஏற்றித் தரவுத்தளத்தோடு தொடர்பை ஏற்படுத்திக்கொள்ளும்வரை, தலைப்புப் பட்டையோ மூடும் பொத்தானோ இல்லாமல் திரையின் நடுவே தோன்றி மறையும் படத்துக்கு ஸ்பிளாஷ் ஸ்கிரீன் என்று பெயர். தமிழில் தொடக்கத் திரை எனலாம். இதை அமைப்பது அரைநாள் வேலை. அந்த அரைநாளை ஒரு மாதமாக வளர்த்து, மென்பொருளின் மற்ற பகுதிகளையெல்லாம் அதற்குப் பின்னால் வரும் சில்லறை விவகாரங்களாகக் கருதும் நிரலாளர் வகை ஒன்று உண்டு. தொடக்கத் திரை வித்தகர் என்று இங்கே சுட்டப்படுபவர் அவ்வகையைச் சேர்ந்தவர்.

கோயம்புத்தூர், மதுரை, ஈரோடு போன்ற ஊர்களின் கடைவீதி மாடிகளில், ஜவுளிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் சிறு நிறுவனங்களே இவரது இயற்கை வாழிடம். 1998இல் வெளியான விஷுவல் பேசிக் 6 தான் இவரை உருவாக்கியது என்று சொல்வது மிகையாகாது. ஏனெனில் புதிய படிவம் சேர்க்கும்போது அது காட்டிய மாதிரிகளில் தொடக்கத் திரைக்கென்றே ஒன்று ஆயத்தமாக இருந்தது. அதில் நிறுவனத்தின் பெயர், பொருளின் பெயர், பதிப்பெண், உரிமம் பெற்றவர், எச்சரிக்கை என ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. எதைப் பற்றி எச்சரிப்பது என்று புரியாத வித்தகர், 'வார்னிங்' என்ற சொல்லை மட்டும் அப்படியே விட்டுவைத்தார். கடைக்காரரும் எதற்கும் எச்சரிக்கையாகவே இருந்துகொண்டார்.

வித்தகரின் திரை, அமைப்பில் கல்யாணப் பத்திரிகையை ஒத்தது. உச்சியில் பிள்ளையார், அவருக்குக் கீழே கடை முதலாளியின் குலதெய்வம், அதன்பின் கடையின் பெயர், கடையை நிறுவிய பெரியவரின் படம் என்று வரிசை இறங்கிவர, மணமக்களின் பெயரைத் தேடிப் பிடிப்பதுபோல மென்பொருளின் பெயரையும் தேடித்தான் பிடிக்க வேண்டும். அடியில் சர்வீஸுக்கு அழைக்க வேண்டிய கைபேசி எண்கள் இரண்டு இருக்கும். அவற்றுள் ஒன்று உபயோகத்தில் இராது. வலது ஓரத்தில், பூதக்கண்ணாடி இருந்தால் வாசிக்கக்கூடிய அளவில், வித்தகரின் சொந்தப் பெயரும் இருக்கும். இதற்கு அவர் காட்டும் முன்னுதாரணம் ஃபோட்டோஷாப். அதன் தொடக்கத் திரையில் உருவாக்கியவர்களின் பெயர்கள் வரிசையாக வருவதும், அவ்வரிசையில் இடம்பெற்ற சீதாராமன் நாராயணன் என்ற பெயர் உலகெங்குமுள்ள படவடிவமைப்பாளர்களுக்குப் பரிச்சயமானதும் உண்மையே. ஆனால் அப்பெயர்கள் தெரியும் நேரத்தில் ஃபோட்டோஷாப் மெய்யாகவே எழுத்துருக்களையும் செருகுநிரல்களையும் ஏற்றிக்கொண்டிருக்கிறது என்ற சிறு வேறுபாட்டை வித்தகர் கணக்கில் எடுப்பதில்லை.

திரைக்குப் பின்னால் நடப்பதைச் சற்று விளக்கியாக வேண்டும். சாளரத்தை வரைவதும், விசை, சுட்டி ஆகியவற்றின் செய்திகளுக்குப் பதில் சொல்வதும் நிரலின் முதன்மை இழையின் பொறுப்பு. இழை என்பது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யப்படும் வேலைகளின் ஒற்றைத் தொடர். அதே இழையைத் தரவுத்தளத்துக்கும் அனுப்பிவைத்தால் அது திரும்பிவரும்வரை படம் வரைய ஆளில்லை. சுழலவேண்டிய சக்கரம் நின்றுவிடும். இழை 5 விநாடி பதில் சொல்லாதிருந்தால் விண்டோஸ் அச்சாளரத்தைச் செயலற்றதாகக் கருதத் தொடங்கும். ஏற்றும் வேலையைத் தனி இழையிடம் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் செய்தி அனுப்பச் சொல்வதே இதற்கு முறையான தீர்வு. வித்தகரின் தீர்வு வேறு. இரண்டு வரிக்கு ஒருமுறை 'டூ ஈவென்ட்ஸ்' என்ற கட்டளையை, அதாவது காத்திருக்கும் செய்திகளை ஒருமுறை பார்த்துவிட்டு வா என்ற உத்தரவை, நிரல் முழுவதும் தூவிவிடுவார்; சக்கரம் விக்கலெடுத்ததுபோலச் சுழலும்.

முன்னேற்றப் பட்டையில் அவரது மேதைமை உச்சத்தைத் தொடுகிறது. வேலை எத்தனை விழுக்காடு முடிந்தது என்று காட்டும் பட்டையைப் பயனர்கள் விரும்புகிறார்கள் என்பதை பிராட் மையர்ஸ் 1985இலேயே ஆராய்ந்து எழுதினார். வித்தகரும் பட்டை வைக்கிறார். ஆனால் அதை வேலையோடு பிணைக்காமல் கடிகாரத்தோடு பிணைத்துவிடுகிறார். ஆகவே மூலையிலுள்ள சர்வர் கணினிக்கு மின்சாரமே இல்லாத நாளிலும் பட்டை தயக்கமின்றி நூறு விழுக்காட்டை எட்டிவிட்டு, அங்கேயே நின்று மேற்கொண்டு என்ன செய்வது என்று யோசிக்கும்.

அப்படி ஒரு காலைப்பொழுதில் நடப்பதை அருகிலிருந்து பார்த்தால் இவ்வகையினரின் இயல்பு துலங்கும். தம் படைப்பை வேறெந்தச் சாளரமும் மறைத்துவிடக்கூடாது என்பதற்காக, 'எப்போதும் மேலே' என்னும் பண்பை வித்தகர் தொடக்கத் திரைக்குக் கொடுத்திருப்பார். சர்வர் கிடைக்கவில்லை என்று அறிவித்து 'ஓகே' பொத்தானோடு வரும் பிழைச் செய்தி, இதனால் பிள்ளையாருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். செய்தி பதிலுக்குக் காத்திருக்கும். நிரல் செய்திக்குக் காத்திருக்கும். துணியைக் கையில் பிடித்தபடி வாடிக்கையாளர் நிரலுக்குக் காத்திருப்பார். "தம்பி, சாமி படத்தோட நின்னுபோச்சு" என்று முதலாளி கைபேசியில் சொல்வார். "அண்ணாச்சி, ஒருதடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று வித்தகர் சொல்வார். கல்லாவில் உட்காரும் பையன் மட்டும், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொத்தான் எண்டர் விசைக்குக் கட்டுப்படும் என்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்திருப்பான். "எண்டர் தட்டுனா சாமி போயிரும்" என்ற அந்த ஞானம், புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல்நாளே உபதேசிக்கப்படுகிறது.

படத்தின் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு விளிம்பும் இவரது கைவரிசையை அடையாளம் காட்டும். நாற்கோண வடிவம் பிடிக்காமல் வட்டமான திரையை விரும்புபவர், பின்னணிக்கு ஒரு கத்தரிப்பூச் சிவப்பைப் பூசி, அந்த நிறத்தை மட்டும் ஒளிபுகுமாறு செய்யும்படி கணினியிடம் சொல்வார். ஆனால் வட்டத்தின் விளிம்பை மழுப்புவதற்காகப் பட மென்பொருள் இருநிறத்தையும் கலந்து வைத்த புள்ளிகள் அந்தக் கணக்கில் சேராமல் எஞ்சிவிடுவதால், பிள்ளையாரைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் ஒன்று தோன்றும். பக்தர்கள் இதைக் குறையாகக் கருதியதில்லை.

தொழில்நுட்ப வளர்ச்சி இவருக்குச் சாதகமாக இல்லை. 2006 இறுதியில் வந்த ஜாவா 6, தொடக்கப் படத்தின் பெயரை ஒரே வரியில் குறிப்பிட்டால் ஜாவா இயந்திரம் முழுமையாக எழுவதற்கு முன்பே அதைக் காட்டிவிடும் வசதியைத் தந்தது. ஒரு மாத வேலை ஒரு வரியில் முடிந்ததை வித்தகர் தனிப்பட்ட அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டார். அதைவிடப் பெரிய அடி எஸ்எஸ்டி வடிவில் வந்தது. சுழலும் தட்டுகள் இல்லாத இச்சேமிப்பகம் கடைக் கணினிகளில் குடியேறியதும், இருபது விநாடி எடுத்த மென்பொருள் ஒரு விநாடிக்குள் திறக்கத் தொடங்கியது. படம் மின்னல்போல் வந்து மறைந்தது. பெரியவரின் முகம் தெரியவில்லை என்று கடையிலிருந்து புகார் வந்தது. வேகத்தை மற்ற நிரலாளர்கள் கொண்டாடிக்கொண்டிருக்க, வித்தகர் 'ஸ்லீப்' என்ற கட்டளையை எழுதி, அடைப்புக்குறிக்குள் 3000 என்று இட்டார். மூன்றாயிரம் மில்லிவிநாடி எதுவும் செய்யாமல் தூங்கு என்பது அதன் பொருள். மைக்ரோசாஃப்டின் விஷுவல் பேசிக் டாட்நெட்டே தொடக்கத் திரையைக் குறைந்தது 2000 மில்லிவிநாடி நிறுத்திவைக்கும் இயல்பமைப்போடுதான் வந்தது என்று அவர் நியாயம் சொல்வார். மேலே சேர்த்த ஆயிரம் தமது காணிக்கை என்பார்.

அவர் பக்கமும் சிறிது நியாயம் உண்டு. எதுவுமே தோன்றாத வெற்றுத்திரையைக் காணும் ஊழியர், சொடுக்கியது பதியவில்லை என்றெண்ணி மேலும் நான்குமுறை சொடுக்கி, ஒரே மென்பொருளை ஐந்து இடத்தில் திறந்துவைப்பார். 'கேட்டது, வருகிறேன்' என்ற பதிலாகவேனும் தொடக்கத் திரைக்கு உண்மையான பயன் இருக்கிறது. தவிர, கையால் தொட்டுப் பார்க்க முடியாத சரக்குக்குப் பல்லாயிரம் ரூபாய் கொடுத்த முதலாளிக்கு, கொடுத்த பணத்துக்குக் கண்ணால் காணும் சாட்சி அந்தப் படம் ஒன்றுதான். சரக்கு இருப்பு அட்டவணையை எவ்வளவு செம்மையாக எழுதினாலும் எவரும் பாராட்டாத தொழிலில், உள்ளே நுழைந்ததும் "படம் நல்லாருக்கே" என்று கேட்க ஒருவர் ஆசைப்படுவதைக் குற்றமாகக் கொள்ள இயலாது.

ஆனால் அந்தத் தூக்கத்துக்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை. லிப்ரே ஆஃபீஸைத் தொடக்கத் திரை இல்லாமலே திறக்க ஒரு கட்டளைத் தெரிவு உண்டு. கிம்ப் என்னும் படத்தொகுப்பு மென்பொருளிலும் அத்தகைய தெரிவு உண்டு. வித்தகரின் பில்லிங் சாஃப்ட்வேரில் அப்படி எதுவும் கிடையாது. அன்றாடம் ஒருமுறை திறந்தாலே மூன்று விநாடித் தூக்கம் ஒரு கல்லாவுக்கு ஆண்டுக்குப் பதினெட்டு நிமிடமாகிறது. மின்வெட்டு மிகுந்த ஊரில் இன்னும் கூடும். ஆகவே அடுத்த ஆண்டு ஏஎம்சி என்னும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வித்தகர் வரும்போது, பிள்ளையாரையும் பெரியவரையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அந்த 3000ஐ மட்டும் எடுத்துவிடும்படி கடைக்காரர்கள் கேட்கவேண்டும். ஒரு வரி வேலைதான், அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.