சாரலுக்கு அடங்காத முடி உண்டால?

ஏல பேராண்டி, இங்ஙன வந்து உக்காரு. கண்ணுக்கு அடியில என்னல, அடுப்புக்கரியா? ஐலைனரா! ஆச்சிகிட்ட கேட்டிருந்தா மையே தந்திருப்பாள்லா, காசு மிஞ்சியிருக்கும்.

தலைமுடிய வேற தொடப்பக்கட்டையா நட்டமா நிறுத்தியிருக்க. எக்ஸ் ஜப்பான்னு போட்டோ காட்டினியே, அவனுவள மாதிரியாம். யோஷிகி, தோஷின்னு ரெண்டு பள்ளிக்கூடத்துப் பயலுவ 1982-ல ஆரம்பிச்ச பாட்டுக் குழு அது. காதுக்கு மட்டும் போதாது, கண்ணுக்கும் போடணும்னு மூஞ்சியில பூச்சு, ஜிகினா உடுப்பு, முழ உசரத்துக்கு முடி. அதுக்குப் பேரு விஷுவல் கெய். ஜப்பான்ல 1629-லயே பொம்பளைய கபுகி நாடக மேடையில ஏறக்கூடாதுன்னுட்டான். பொறவு ஆம்பளதான் பொம்பள வேசம். அங்க பொறந்தவனுக்கு என்ன கூச்சம்?

நம்ம சொடலமாடன் கோயில் கொடையில கணியான் கூத்து பாத்திருக்கியா? நீ எங்க பாத்த, அந்நேரம் பிரானூர் பார்டர்ல புரோட்டா தின்னுக்கிட்டு இருந்திருப்ப. அண்ணாவி பாடுவாரு, ஒருத்தர் பின்பாட்டு. மகுடம்னு தோல் கொட்டு ரெண்டு, ஒண்ணு உச்சம், ஒண்ணு மந்தம். ரெண்டு ஆம்பளையாளு சேல கட்டி, பூ வச்சு, சலங்கையோட ஆடுவாவ. சாமம் தாண்டி மகுடம் சூடேறுச்சுன்னா உன் கிதாரு கிட்ட நிக்காது.

அதுக்கு முன்னால ஒரு சோலி உண்டு, அத எவனும் போட்டோ எடுக்க மாட்டான். வைக்கோலக் கொளுத்தி மகுடத்தக் காட்டுவாவ. விரலால தட்டிப்பாத்து, காதுகிட்ட வச்சு, இன்னுங்கொஞ்சம் காட்டுவாவ. தோல் விறைக்கணும். ஈரம் ஏறிட்டுன்னா தொப்புன்னுதான் கேக்கும். வேசக்காரரு ஓரமா உக்காந்து, கைக்கண்ணாடிய முழங்கால்ல சாத்திக்கிட்டு, மீச மழிச்ச இடத்துல பவுடர அப்புவாரு.

நீ பூச்ச வாங்கிட்ட, கொட்டு எங்கல? யோஷிகி டிரம்மும் அடிப்பான், பியானோவும் வாசிப்பான்னு நீதான சொன்ன? உனக்கு செல்போன் சார்ஜ் எறங்கிட்டா கச்சேரி முடிஞ்சுது.

ஒரு யோசன சொல்லுதேன். சாரல் விழுந்துட்டு. ஐந்தருவியில தலையக் குடுத்துராத. வெளிய வரும்போது நீ எக்ஸும் இல்ல, ஜப்பானும் இல்ல, நனைஞ்ச கோழி. தென்காசி கோயில் வாசல்லயும் நிக்காத. அந்தக் கோபுரக் காத்து ஆளையே தள்ளும், உன் முடி எம்மாத்திரம்?

ஆடிக் கொடைக்கு வா. வைக்கோல் கட்டச் சொமந்துக்கிட்டு அண்ணாவி பக்கத்துல நில்லு, மகுடம் காய வைக்க ஆளில்லாம அல்லாடுதாவ. அந்த ஐலைனரையும் எடுத்துக்க. போன கொடையிலேயே வேசக்காரருக்கு மை தீந்துபோச்சு.